இரண்டாம் புத்தகம்

பத்திரப் பதிவு அலுவலகம் ஒவ்வொன்றிலும் நான்கு புத்தகங்கள் உண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அவற்றுக்கு எண்களையே பெயராக வைத்திருக்கிறது. வீடு, மனை, நிலம் ஆகியவற்றின் கிரயமும் அடமானமும் பாகப்பிரிவினையும் ஏறுவது முதல் புத்தகம். உயில்கள் ஏறுவது மூன்றாம் புத்தகம். அசையாச் சொத்தோடு தொடர்பில்லாத மற்ற ஆவணங்களுக்கு நான்காம் புத்தகம். பதிய மறுக்கப்பட்ட ஆவணங்களும் மறுத்ததற்கான காரணமும் மட்டும் எழுதப்படுவது இரண்டாம் புத்தகம். நான் பணியாற்றிய அலுவலகங்கள் எல்லாவற்றிலும் மிக மெலிந்து கிடந்தது அதுதான். முதல் புத்தகம் ஓராண்டுக்குள் பல தொகுதிகளாகப் பெருகி அலமாரியை அடைத்துக்கொள்ளும்; இரண்டாம் புத்தகத்திலோ ஒரே தொகுதியில் பல அலுவலர்களின் கையெழுத்துகளைக் காணலாம்.

நான் 1984இல் இளநிலை உதவியாளராக இத்துறையில் சேர்ந்து, 2001இல் சார்பதிவாளராகி, 2018 மே மாதத்தின் கடைசி நாளில், 58 வயதில் ஓய்வு பெற்றேன். பணிக்காலம் முழுவதும் காவிரிப் பாசனத்தின் சிற்றூர்களிலேயே கழிந்தது. அதுவரை கதை என்று ஒரு வரியும் எழுதியவள் அல்ல. பேருந்துப் பயணங்களிலும் பிள்ளைகள் உறங்கிய பிறகும் நாவல்களை வாசிப்பேன். அதற்கு மேல் எனக்கும் இலக்கியத்துக்கும் உறவு இருந்ததில்லை. என் முதல் நாவல் 2023 டிசம்பரில் அச்சாகி வந்தபோது எனக்கு வயது 63.

ஓய்வுக்குப் பிறகு எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அநேகமாக எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "34 வருஷத்துல எத்தனை குடும்பத்தைப் பார்த்திருப்பீங்க, உங்களுக்கா கதைக்குப் பஞ்சம்?" நானும் அதை நம்பினேன். அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் பாராமலேயே பாகப்பிரிவினையில் கையெழுத்திட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். நடக்க முடியாதவர்களின் இல்லத்துக்கே சென்று பதிவதற்குச் சட்டம் இடம் தருகிறது. அப்படிப் போன ஒரு வீட்டில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் தம் உயிலை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மூன்றாவது முறையும் திருப்தியில்லாமல்தான் பெருவிரலை நீட்டினார். இத்தகைய காட்சிகள் நூற்றுக்கணக்கில் மனத்தில் கிடக்கும்போது நாவல் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். அது பிழையான நினைப்பு. அதை உணர எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

அது ஏன் பிழை என்பதை விளக்க, சார்பதிவாளரின் மேசையில் நடப்பதைச் சொல்ல வேண்டும். ஆவணம் எழுதுபவர் தாமாகவோ எழுத்தரைக் கொண்டோ எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவருகிறார். நான் அவரைப் பார்த்து, இது நீங்கள் எழுதிக் கொடுத்ததுதானா, இந்தக் கையெழுத்து உங்களுடையதுதானா, தொகை பெற்றுக்கொண்டீர்களா என்று கேட்பேன். அவர் ஆமாம் என்பார். இடதுகைப் பெருவிரல் மையில் பதியும், சாட்சிகள் கையெழுத்திடுவார்கள், நான் மேலெழுத்து எழுதுவேன். சட்டம் என்னைக் கேட்கச் சொன்னது அவ்வளவே. ஏன் விற்கிறீர்கள், ஏன் இந்த மகனுக்கு மட்டும் எழுதுகிறீர்கள், ஏன் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. அப்படி ஓர் அதிகாரம் இல்லாதது மிகவும் நல்லது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். அரசு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் குடிமக்களின் மனத்துக்குள் நுழையத் தொடங்கினால் அதன் விளைவை எளியவர்கள்தாம் சுமப்பார்கள். ஆகவே கேட்காமல் இருப்பதை நான் ஒரு நல்லொழுக்கமாகவே பழகிக்கொண்டேன். அழுதுகொண்டே கையெழுத்திடுபவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன். அழுகைக்குக் காரணம் கேட்டதில்லை.

34 ஆண்டுகள் ஒருவர் ஓர் ஒழுக்கத்தைக் கடைப்பிடித்தால் அது அலுவலகத்தோடு நின்றுவிடுவதில்லை. என் நினைவில் கிடந்த அத்தனை முகங்களும் காரணமற்ற முகங்கள். அந்தக் கிழவருக்கு ஏன் திருப்தியில்லை என்பது எனக்குத் தெரியாது. அதைவிட, ஊகித்துப் பார்க்கவும் எனக்கு வரவில்லை. நாவல் எழுத உட்கார்ந்தவளுக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. பணி எனக்குக் கதைகளைத் தந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். உண்மையில் அது கதைகளின் வாசல்வரை கூட்டிப்போய், உள்ளே எட்டிப் பார்க்காமல் திரும்பி வரும் பயிற்சியைத்தான் தந்திருந்தது.

2018 ஜூன் மாதத்தில் எழுதத் தொடங்கினேன். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, சாப்பாட்டு மேசையில் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில், காலை ஏழு மணிவரை எழுதுவேன். பணிக்குப் போன காலத்தில் சமையலுக்காக எழுந்த அதே நேரம்தான். கணவர் ஒரு நாளும் என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. காப்பி போடும் வேலையை மட்டும் தம்முடையதாக்கிக் கொண்டார். அதற்கு நான் பட்டிருக்கும் கடனை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

ஓராண்டில் 140 பக்கங்கள் சேர்ந்தன. ஒரு பண்ணையின் மூன்று தலைமுறைகளைப் பற்றிய கதை. ஒவ்வொரு மனிதரும் தந்தை பெயர், வயது, தெரு, தொழில் ஆகியவற்றோடு அறிமுகமானார். நிலத்தைப் பற்றிய வருணனை வந்த இடமெல்லாம் புல எண் இல்லாத குறைதான். வாக்கியங்கள் பத்திரத்தின் வாக்கியங்களாகவே இருந்தன. 'இன்ன நாளில் இன்னாருக்கு இன்ன காரணத்தால் எழுதிக் கொடுத்த பத்திரம் என்னவென்றால்' என்று தொடங்கி, இடையில் மூச்சுவிடாமல், யாரும் பின்னால் ஓர் ஐயம் கிளப்ப முடியாதபடி எல்லா வாசல்களையும் அடைத்துக்கொண்டு முடியும் வாக்கியம் அது. பத்திரத்துக்கு அந்த நடை வேண்டும். 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன்', 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' என்ற பழைய தொடர்களை நான் நேசிக்கிறேன். பேரப்பிள்ளைகளின் காலத்திலும் வழக்கு வராமல் இருக்க வேண்டும் என்ற அக்கறையில் பிறந்த சொற்கள் அவை. ஆனால் நாவலின் வாக்கியம் எங்கோ ஒரு கதவைத் திறந்துவைக்க வேண்டும். என் 140 பக்கங்களில் காற்று நுழைய இடமே இல்லை.

இதை எனக்குச் சொன்னவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியையான என் தோழி. கையெழுத்துப் படியை இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தபோது, அவர் நடையைப் பற்றி எதுவும் பேசவில்லை. "இதில் வருகிற எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள் அக்கா. அப்பா சொன்னதை மகன் ஒப்புக்கொள்கிறான், மாமியார் சொன்னதை மருமகள் ஒப்புக்கொள்கிறாள். மனசுக்குள்கூட ஒருத்தரும் மாட்டேன் என்று சொல்லவில்லையே" என்றார். ஒப்புதல் என்பது எங்கள் துறையின் சொல். ஆவணத்தை எழுதிக் கொடுத்தவர் 'ஆமாம்' என்று சொல்வதற்கு அதுதான் பெயர். தோழிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தபோது நான் மிகவும் கலங்கிப்போனேன். அடுத்த நான்கு மாதங்கள் எதுவுமே எழுதவில்லை.

அந்த நான்கு மாதங்களில்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளையை முழுமையாகப் படித்தேன். பள்ளியில் 'தமிழின் முதல் நாவலாசிரியர்' என்று ஒரு மதிப்பெண் வினாவுக்காகப் படித்த பெயர். 58 வயதுக்கு மேல் எழுத வந்தவளுக்கு அதே பெயர் வேறு விதமாகப் பொருள்பட்டது. 1826இல் பிறந்த அவர், திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார்; பிறகு சீர்காழியிலும் மாயூரத்திலும் அதே பதவி. உயர்நீதிமன்றத்துக்கு முன்னிருந்த சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வெளியிட்டார். பதவியிலிருந்து விலகியது 1872இல். 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்தது 1879இல். அதாவது, தமிழ் நாவல் என்ற வகையே, ஐம்பதைத் தாண்டிய, நீதிமன்றத்தின் காகிதக் கட்டுகளுக்கு நடுவே வாழ்ந்து வெளியே வந்த ஒருவருடைய கையால்தான் தொடங்கியிருக்கிறது. தொடக்கத்தில் ஆவணக் காப்பாளர் என்ற அந்த ஒரு சொல்லை நான் பலமுறை திரும்பத் திரும்ப வாசித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்க வேண்டும் என்ற நோக்கத்தை அவரே தம் முன்னுரையில் சொல்கிறார். கவிதையிலும் கீர்த்தனையிலும் தேர்ந்த ஒருவர் உரைநடைக்கு வந்ததில், நாள்தோறும் சாட்சிகளின் பேச்சைக் கேட்டு, அதை எழுத்தாக்கிய நீதிமன்றப் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். தமிழ் பேசும் மக்களின் வழக்குகளில் தமிழ் அறிந்த வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதை அந்த நாவல் கண்டிக்கும் பகுதி, மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டுமே வரக்கூடிய கோபம். ஆனால் இன்னொன்றையும் கண்டேன். அந்த நாவலில் கதைக்குள் கதையாக எத்தனையோ கிளைக்கதைகள் வருகின்றன; ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்போடு முடிகிறது. நல்லவர் இன்னார், தீயவர் இன்னார், தண்டனை இது. படிக்க இனிமையான நூல்தான். அதன் நகைச்சுவை இன்றும் வாடவில்லை. எனினும் நீதிபதியின் நாற்காலியிலிருந்து அவர் முழுமையாக எழுந்திருக்கவில்லை என்றே எனக்குப் பட்டது. அவருக்குத் தீர்ப்பு எப்படியோ அப்படி எனக்கு ஒப்புதல். அவர் முன்னோடி; அவருக்கு முன்னால் தமிழில் நாவல் இல்லை. எனக்கு முன்னால் 140 ஆண்டுகள் இருந்தன. எனவே என்னைப் பொறுத்தவரை அந்தச் சலுகை கிடையாது என்று முடிவு செய்தேன்.

வேலையோடு சேர்ந்தே எழுதியவர்கள் தமிழில் பலர் உண்டு. உப்புத்துறையில் இருந்துகொண்டே அ. மாதவையா எழுதினார், திருவனந்தபுரத்துச் சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே ஆ. மாதவன் எழுதினார், தோப்பில் முஹம்மது மீரான் மிளகாய் வணிகம் செய்துகொண்டே எழுதினார். அவர்களுக்குத் தொழிலும் எழுத்தும் ஒரே நாளுக்குள் ஒன்றையொன்று சந்தித்துத் திருத்திக்கொண்டன. தொழில் முழுவதும் முடிந்த பிறகு தொடங்குபவரின் நிலை வேறு. அவருடைய பழக்கங்கள் எல்லாம் இறுகிப் போயிருக்கும்.

இனி அந்த இரண்டாம் புத்தகத்துக்கு வருகிறேன். ஆண்டையும் ஊரையும் சொல்லப்போவதில்லை, அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். ஒரு முற்பகலில் இரண்டு ஆண்களும், அவர்களுடன் பிறந்த ஒரு பெண்ணும் வந்தார்கள். தந்தை விட்டுச் சென்ற நிலத்தில் தன் பங்கை உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்து அந்தப் பெண் எழுதிய விடுதலைப் பத்திரம். மாதத்தில் பல வரும், பார்த்துப் பார்த்துப் பழகிய ஆவணம். ஆவணத்தில் அவர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டேன். "இன்னொரு நாளைக்கு வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு, உடன்பிறந்தவர்களைப் பார்க்காமல் எழுந்து, வாசலைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனார். அழவில்லை, சண்டையிடவில்லை. மறுக்கவும் இல்லை, மறுத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆவணம் நிலுவையில் வைக்கப்பட்டது. அண்ணன்மார் இரண்டு மூன்று முறை வந்து கேட்டார்கள். அந்தப் பெண் வரவேயில்லை. சட்டம் தந்த காலக்கெடு முடிந்த பின், எழுதிக்கொடுத்தவர் உரிய காலத்தில் ஆஜராகி ஒப்புதல் அளிக்காததால் பதிவு மறுக்கப்படுகிறது என்று இரண்டாம் புத்தகத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டேன். அன்று மாலைக்குள் அதை மறந்தும் போனேன்.

தோழியின் சொல்லுக்குப் பிறகு நான் ஒப்புக்கொள்ளாத மனிதர்களைத் தேடியபோது, என் 34 ஆண்டுகளிலிருந்து எழுந்து வந்தவர் அவர் ஒருவர்தான். அவர் நினைவுக்கு வந்தவுடன், அதுவரை நான் தொடாமல் வைத்திருந்த வேறொன்றும் கூடவே வந்தது.

1992இல் நானும் அப்படி ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். அம்மா முன்னரே காலமாகியிருந்தார்; அப்பா உயில் எழுதாமல் முந்திய ஆண்டு மறைந்தார். அவர் தம் சம்பாத்தியத்தில் வாங்கிய 2 ஏக்கர் 10 சென்ட் நஞ்சையும் ஓட்டு வீடும் இருந்தன. தந்தையின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமப் பங்கு என்பது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு உரிமை வேண்டும் என்று தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த திருத்தம், அதற்கு முன்பே திருமணமானவள் என்பதால் எனக்குப் பொருந்தாது. ஆனால் அப்பாவின் நிலத்துக்கு அந்தத் திருத்தமே தேவையில்லை. இதெல்லாம் எங்கள் குடும்பத்தில் வேறு எவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அண்ணனும் தம்பியும் என்னை வற்புறுத்தவில்லை. ஒரு பட்டுப்புடவையும் 5,000 ரூபாயும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார்கள். பத்திரத்தின் வாசகத்தை நானே எழுதினேன், பிழையில்லாமல். நிலம் இருந்த எல்லைக்குரிய அலுவலகத்துக்குச் சென்று, எங்கள் துறையின் மூத்த அலுவலர் ஒருவர் கேட்ட வழக்கமான கேள்விக்கு ஆமாம் என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை, கேட்கக் கூடாது. கணவரும் கேட்கவில்லை. 27 ஆண்டுகள் நானும் என்னைக் கேட்கவில்லை. கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தின் முன்னால், 59 வயதில்தான் முதன்முறையாகக் கேட்டேன். விடை உடனே வரவில்லை. வந்த விடைகளும் ஒன்றையொன்று மறுத்தன. பங்கு வாங்கிய பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற அச்சம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வாய்மொழியாகவே ஊட்டப்படுவது. மகளுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். அவள் பெரியவளானால் சீர் எடுத்துவரத் தாய்மாமன் வேண்டும். அவன் வராத பந்தலில் ஊர் என்ன பேசும் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அந்த 2 ஏக்கர் 10 சென்ட்டில் எனக்குரிய மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து நான் என் மகளுக்கு ஒரு தாய்மாமன் மடியை வாங்கினேன் என்று ஒரு நாள் எழுதினேன். மறுநாள் அதை அடித்துவிட்டு, அண்ணன் மீது எனக்கு இருந்த பாசம் உண்மையானது, அதில் விலை பேசுதல் எதுவும் இல்லை என்று எழுதினேன். இரண்டுமே உண்மை. பத்திரத்தில் இந்த இரண்டையும் ஒன்றாக எழுத முடியாது. நாவலில் எழுதலாம் என்பதை, ஒரு வாசகியாக எத்தனையோ ஆண்டுகள் அறிந்திருந்தும், எழுதுபவளாக அந்த வாரத்தில்தான் அறிந்தேன்.

பண்ணையின் மூன்று தலைமுறைக் கதையை ஒதுக்கி வைத்தேன். 140 பக்கங்களில் ஒன்றுகூடப் பயன்படவில்லை. புதிய நாவல், பதில் சொல்லாமல் எழுந்து போய்ப் பேருந்தில் ஏறும் ஒரு பெண்ணிடம் தொடங்கியது. அவர் அந்த அலுவலகத்துக்கு வந்த பெண் அல்ல. அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். பணியில் இருந்தபோது நம்பி என் முன்னால் கைநீட்டியவர்களுடைய வாழ்க்கையை அப்படியே எடுத்து எழுதுவது பிழை என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. உயிலின் நகலை, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வேறு எவருக்கும் தருவதில்லை. நாவலாசிரியருக்கும் அப்படி ஒரு விதி மனத்துக்குள் இருக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது அந்தப் பெண்ணின் மௌனத்தை மட்டும். அதற்குள் வைத்ததெல்லாம் என்னுடையது.

பணி எனக்கு உதவியே செய்யவில்லை என்று சொன்னால் அது நன்றி மறத்தல் ஆகும். ஓர் உதவியை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆவணத்தில் ஒரு நிலத்தைச் சொல்லும்போது, அது எப்படி இருக்கும் என்று சொல்வதில்லை. அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்று சொல்வோம். வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, பொதுப் பாதைக்குத் தெற்கு, இன்னார் தோப்புக்கு மேற்கு, இதற்குட்பட்ட நிலம். நான்கு பக்கத்தையும் சொல்லிவிட்டால் நடுவில் இருப்பது தானே துலங்கும். நாவலின் நாயகியை எத்தனை முறை வருணித்தும் அவர் உருப்பெறாமல் போனபோது, வருணனையை நிறுத்திவிட்டு அவருடைய நான்கெல்லையை எழுதினேன். அவருக்கு ஒரு பக்கம் பேசாத அண்ணி, ஒரு பக்கம் கடன் கேட்கும் கொழுந்தன், ஒரு பக்கம் பள்ளிக்கூடத்து வேலை, ஒரு பக்கம் எதிர்வீட்டுக் கிழவி. அவர்கள் நால்வரும் அவரோடு முட்டிக்கொள்ளும் இடங்களை எழுத எழுத, நடுவில் ஒரு பெண் எழுந்து உட்கார்ந்தார். மூன்று ஏக்கர் என்றும் ஒன்பது மா என்றும் ஒரே நிலத்தை இரண்டு வாயால் சொல்லக் கேட்ட பழக்கமும் உரையாடலில் கை கொடுத்தது. மா என்று சொல்பவரின் வயதும் ஏக்கர் என்று சொல்பவரின் வயதும் வேறு. இளையவர்கள் இப்போது சதுர அடியில் பேசுகிறார்கள்.

மூன்று முறை முழுமையாகத் திருப்பி எழுதினேன். உடம்பு இடையில் தன் கணக்கைக் கேட்டது. கண்புரை அறுவைக்காக இரண்டு மாதம், கழுத்து வலியால் பலமுறை சில நாட்கள். இளம் வயதில் எழுதுபவர் ஒரு நாவல் தோற்றால் அடுத்ததை எழுதலாம் என்று நினைத்துக்கொள்ள முடியும். எனக்கு அந்த நினைப்பு வரவில்லை. அதனால் அவசரம் வரவேண்டும், ஆனால் வந்தது பொறுமை. இன்னும் எத்தனை எழுத முடியும் என்று தெரியாதபோது, கையில் இருப்பதை அரைகுறையாக விட மனம் வராது. பதிப்பகங்கள் இரண்டு பதிலே தரவில்லை. மூன்றாவது பதிப்பகத்திலிருந்து 11 மாதம் கழித்துத் தொலைபேசி வந்தது. 300 படிகள் அச்சிட்டார்கள். 2024 ஜனவரியில் நந்தனத்தில் நடந்த சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய், அடுக்கில் என் புத்தகம் இருந்த இடத்துக்கு எதிரே சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஒரு கல்லூரி மாணவி அதை எடுத்துப் பின்னட்டையைப் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே கவனமாக நேராக வைத்தார். அந்தக் கவனமே எனக்கு அன்று போதுமானதாக இருந்தது.

இரண்டாவது நாவலைப் பற்றித்தான் இப்போது என் கவலை எல்லாம். இந்தக் கவலையில் எனக்குத் துணையாக இருப்பவர் பெனலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற ஆங்கிலேய நாவலாசிரியர். 1916இல் பிறந்த அவர், மூன்று பிள்ளைகளை வளர்த்து, நெடுங்காலம் ஆசிரியராக வேலை பார்த்து, வாடகை கட்டுப்படியாகாமல் தேம்ஸ் நதியில் ஒரு பழைய படகில் குடியிருந்து, அந்தப் படகும் மூழ்கிப் போக, 60 வயதில்தான் முதல் நாவலை வெளியிட்டார். நோயுற்றிருந்த கணவரை மகிழ்விக்க எழுதப்பட்டது அது. அச்சாகும் முன்பே கணவர் மறைந்தார். இரண்டாண்டில், 1979இல், படகு வாழ்க்கையைப் பற்றிய நாவலுக்குப் புக்கர் பரிசு பெற்றார். இந்தப் பகுதியைத்தான் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பின் நடந்தது. புத்தகக் கடையில் வேலை பார்த்தது, படகு, போர்க்கால பி.பி.சி., நாடகப் பள்ளி என்று தம் வாழ்க்கையில் இருந்ததையெல்லாம் 1982க்குள் நாவல்களாக எழுதித் தீர்த்துவிட்டார். 65 வயதைக் கடந்த நிலையில், சொந்த அனுபவம் என்ற களஞ்சியம் காலியான பிறகு, அவர் புரட்சிக்கு முந்திய மாஸ்கோவையும், 1912ஆம் ஆண்டின் கேம்பிரிட்ஜையும், 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கவிஞர் நோவாலிஸின் இளமையையும் எழுதினார். அந்தக் கடைசி நாவல் வந்தபோது அவருக்கு வயது 78. அவருடைய மிகச் சிறந்த நூல்கள் இந்தப் பிற்பகுதியில் வந்தவைதான் என்பது என் உறுதியான கருத்து.

இதை என் மேசைக்கு நேரே வைத்துப் பார்க்கிறேன். ஒரு வாழ்க்கை முழுவதும் வேறு தொழில் செய்துவிட்டு எழுத வருபவருக்கு, முதல் நூலுக்கான பொருள் காத்துக்கொண்டிருக்கிறது. அதை எழுத அவருக்குத் துணிவும் மொழியும் வேண்டும், கற்பனை கொஞ்சம் குறைந்தாலும் அனுபவம் ஈடுசெய்துவிடும். இரண்டாவது நூலில் அந்த ஈடு கிடையாது. பதிவு அலுவலகத்தைப் பற்றி இன்னொரு நாவல் எழுதுங்கள் என்று பதிப்பாளர் அன்போடு கேட்கிறார். வாசகர்கள் விரும்புவார்கள் என்பதும் உண்மையாக இருக்கலாம். என்னால் முடியாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

புத்தகம் வெளிவந்து ஐந்து மாதம் கழித்து அண்ணன் ஒரு பகலில் தொலைபேசியில் அழைத்தார். நான் அனுப்பிய படி அவரிடம் நெடுநாட்களாக இருந்தது. நலம் விசாரித்தார், மழையைப் பற்றிப் பேசினார், தம்பி மகனின் வேலையைப் பற்றிச் சொன்னார். பிறகு, "படிச்சேம்மா" என்றார். நான் காத்திருந்தேன். "அதுல வர்ற கெணறு நம்ம கொல்லைக் கெணறுதானே?" என்று கேட்டார். ஆமாம் அண்ணா என்றேன். "அதைத் தூத்தாச்சு. எட்டு வருஷம் இருக்கும். ஒனக்குச் சொல்லல" என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை; பிறகு, அப்பா அந்தக் கிணற்றை வெட்டிய கோடையிலிருந்து தொடங்கி, எனக்குத் தெரியாத ஆட்களின் பெயர்களோடு, முக்கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நான் பிறப்பதற்கு முந்திய அந்தக் கோடையைப் பற்றி, அது நடந்த ஊரின் பெயரை மாற்றி, முதல் பக்கத்தை எழுதத் தொடங்கினேன்.